சுவரோடு சாய்ந்து நின்ற சின்ன அன்ரெனா

பிள்ளை,

முந்தநாள் காலை குசினியில் புட்டுக்கு மா குழைத்தபடி நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இருக்கப்போற திருகோணமலை வீட்டின்ரை மேல்தட்டு சரியான சின்னன். பக்கத்திலை மூண்டு மாடி வீடு வேறை நிக்குது. செய்மதி கேக்கிறதுக்கு எந்த அன்ரெனாவைக் கொண்டுபோனால் சரிவரும்?" சாதாரணமாகத்தான் கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், "உனக்குத் தெரியாததே பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அன்று நடந்ததற்குப் பிறகும் அன்ரெனாவைப் பற்றி நீ என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நீ திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

கலியாண வேலைகளுக்கு நடுவே உன்னை இருத்தி வைத்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. பேச வெளிக்கிட்டாலும் பகிடி ஒன்று விட்டுச் சமாளித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூட மலரில் போடச் சொல்லி அதிபரிடமும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். நீ வேண்டாம் என்பாய். ஆனால் உன்னை நான் தலைகுனிய வைத்தது ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். அதற்குரிய பதிலை மட்டும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது நியாயமில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களைத் திருப்பிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

வல்வெட்டித்துறையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'அன்ரெனாக்காரர்' என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து ரீவியை இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தவன் நான் என்ற பெருமை எனக்கு எப்போதும் இருந்தது. அந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் உயரமாகக் கட்டு, நீளமாகக் கட்டு, இந்தியாப் பக்கம் திருப்பி இறுக்கு என்பதுதான். ஒருமுறை இறுக்கினால் புயல் அடித்தாலொழியத் திரும்பத் தொடத் தேவையில்லை. நீளமான அன்ரெனா வைத்த வீட்டில் படம் தெளிவாகத் தெரியும், வீட்டுக்காரருக்கும் ஒரு மதிப்பு. அவ்வளவுதான் என் படிப்பு.

நீ விஞ்ஞான ஆசிரியையாகி, பிறகு அமெச்சூர் வானொலிப் பரீட்சையும் எழுதி உரிமம் எடுத்தபோது, "என்ரை கை அவளுக்கு வந்திருக்கு" என்று சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் நீ செய்த அன்ரெனாக்களைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு கூச்சம் வளர்ந்தது. தச்சுவேலைக்காரரின் இரும்பு அளவுநாடாவைத் துண்டுகளாக வெட்டிப் பிளாஸ்ரிக் குழாயில் பூட்டி ஒன்று செய்தாய். மடக்கினால் தோள்பைக்குள் போகும், விட்டால் மீன்முள்ளுப்போல விரிந்து நிற்கும். ஒருநாள் பின்னேரம் என்னை மேல்தட்டுக்குக் கூப்பிட்டு அதைக் கையில் பிடித்து வானத்துக்கு நீட்டினாய். இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ ஓர் இந்தியாக்காரரின் குரல் வந்தது. அவர் குரலைப் பூமியைச் சுற்றும் குட்டிச் செய்மதி ஒன்று மேலே வாங்கித் திருப்பி அனுப்புகிறது என்றாய். குரல் மங்கியதும் மணிக்கட்டை மெல்லத் திருப்பினாய். மறுபடி தெளிந்தது. "செய்மதி பிரண்டு பிரண்டு போகுதப்பா. அலை படுத்து வந்தால் நாங்களும் அன்ரெனாவைப் படுக்க வைக்கவேணும், நிமிந்து வந்தால் நிமித்தவேணும்" என்றாய்.

அதற்கு நான் சொன்னது, "உதைக் கண்டால் சனம் சிரிக்கும் பிள்ளை. நான் உனக்குப் பதினொரு முள்ளுக்கம்பி வைச்சு நீளமா ஒண்டு கட்டித் தாறன்." நீ கோபப்படவில்லை. "நீளம் கூடக் கூடப் பார்வை ஒடுங்கிப்போம் அப்பா. ரீவி அசையாது. இது ஓடுற சாமான்" என்றாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் தொழிலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளே என்றுதான் பட்டது.

பிறகு அந்தப் பள்ளிக்கூட விழா வந்தது. விண்வெளி நிலையத்திலிருந்து அமெச்சூர் அலைவரிசையில் படங்கள் அனுப்புகிறார்கள், அது ஒரு பாட்டுச் சத்தம்போல வரும், கணினி அதைப் படமாக்கும் என்று நீ பிள்ளைகளுக்குச் சொல்லி ஒரு மாதமாக அவர்களை ஆயத்தப்படுத்தினாய். மண்டபத்தில் திரை கட்டி, பெற்றோரையும் அழைத்தீர்கள். செந்தூரனுக்கும் உனக்கும் கலியாணப் பேச்சுச் சரிவந்திருந்த நேரம். அவனும் தாய் தகப்பனும் கரவெட்டியிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கென்று நீ தேர்ந்தெடுத்தது அளவுநாடா அன்ரெனாவைக்கூட அல்ல. இரண்டு சோடிக் கம்பிகளைக் குறுக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, கீழே கம்பிவலை பூட்டிய, விரித்த குடையளவு சாமான். முதல்நாள் சாப்பாட்டு மேசையில் எனக்கு விளங்கப்படுத்தினாய். "நிலையம் வடமேற்கிலை ஏறித் தலைக்கு மேலாலை போய்த் தென்கிழக்கிலை இறங்கும். இது முழு வானத்தையும் பாத்துக்கொண்டிருக்கும். ஒருத்தரும் பிடிச்சுத் திருப்பத் தேவையில்லை. நானும் பிள்ளையளோடை உள்ளுக்கு நிண்டு படத்தைப் பாக்கலாம்."

நீ சொன்னதில் நான் எடுத்துக்கொண்டது வடமேற்கு என்ற ஒரு சொல்லைத்தான். காலமெல்லாம் நான் அன்ரெனா திருப்பிய பக்கம். உன் மேசையில் கிடந்த அளவுகளைப் பார்த்து, பின் கொட்டிலில் இருந்த பழைய குழாய்களில் பதினொரு முள்ளு அன்ரெனா ஒன்றை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தேன். சம்பந்தி வீட்டார் வந்து பார்க்கும்போது, அன்ரெனாக்காரரின் மகள் குடைக்கம்பி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு நிற்பதா? விழா அன்று அதை ஓட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன். நீ மண்டபத்துக்குள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தாய். முற்றத்தில் நட்டிருந்த வளைக்கம்பத்தில் இருந்த உன் அன்ரெனாவைக் கழற்றிச் சுவரோடு சாத்தினேன். என்னுடையதை ஏற்றி, வடமேற்குக்குத் திருப்பி, அசையாமல் இழுகம்பி போட்டு இறுக்கி, உன் வயரை அதில் பூட்டினேன். சந்தோஷமாகத்தான் செய்தேன். உனக்கு நன்மை செய்கிறேன் என்றே நம்பினேன். ஆனால் உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்தபடியால்தான் கேட்கவில்லை.

முதலில் எவ்வளவு நன்றாக வந்தது! நீ சொன்ன நேரத்துக்குச் சத்தம் மண்டபம் அதிர வந்தது. திரையில் நீல நிறத்தில் ஒரு கீற்று, அதன் கீழே இன்னொரு கீற்று. பிள்ளைகள் கத்தினார்கள். நான் பக்கத்தில் இருந்த செந்தூரனின் அப்பாவின் தோளைத் தட்டி, "பாத்தியளோ!" என்றேன். அடுத்த கீற்று மங்கியது. அதற்கடுத்தது புள்ளி புள்ளியாக வந்தது. நிலையம் மேலே ஏறிவிட்டது, என் அன்ரெனாவோ பாக்குநீரிணையையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் வெளியே ஓடினேன். வளையைத் திருப்பப் பார்த்தேன். என் கையாலேயே இறுக்கிய இழுகம்பி அதை அசைய விடவில்லை. அவிழ்த்து முடிப்பதற்குள் உள்ளே சத்தம் வெறும் இரைச்சலாகிவிட்டது. நான் திரும்பி வந்தபோது திரை முழுக்கச் சாம்பல் நிறம். முன்வரிசையில் ஒரு பிள்ளை, "ரீச்சர், படம் எங்கை?" என்று கேட்டது.

நீ யன்னலால் எட்டிப் பார்த்தாய். வளையின் உச்சியில் நின்றதைப் பார்த்தாய். பிறகு சுவரோடு சாய்ந்து நின்ற உன் சின்ன அன்ரெனாவைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது நீ பார்க்கும் பார்வை அது. அதிபர் ஒலிவாங்கியோடு வந்து, "என்ன பிழை நடந்தது ரீச்சர்?" என்று கேட்டார். நான் கதவடியில் நிற்கிறேன். ஒரு சொல் போதும். நீ கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாய். நான் சொல்லுவேன் என்றுதான் பொறுத்தாய் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு நீ சொன்னாய்: "நான்தான் சேர், அன்ரெனாவைச் சரியாத் தெரிஞ்செடுக்கேல்லை. பிள்ளையள் மன்னிக்கவேணும்."

அதோடு முடிந்திருந்தால் என்னைக் கோழை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வெளிக்கிடும்போது செந்தூரனின் அப்பா என்னிடம், "நீங்கள் உந்தத் தொழிலிலை ஊறின ஆள். பிள்ளைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு நான், "இந்தக் காலத்துப் பிள்ளையள் நாங்கள் சொன்னால் கேக்குங்களோ?" என்று சொல்லிச் சிரித்தேன். நீ எனக்குப் பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றாய். உன் கை ஒருகணம் நின்று, பிறகு திரும்பச் சுருட்டத் தொடங்கியது. நீ கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை என்று நீ இன்றுவரை நடித்துக்கொண்டிருப்பதும் தெரியும்.

அடுத்த நாட்களில் நீ வீட்டில் எதுவும் மாறாதவள்போல நடந்தாய். எனக்குக் கோப்பி போட்டாய், மருந்து எடுத்துத் தந்தாய். அந்தக் குறுக்குக்கம்பி அன்ரெனாவை மட்டும் மேல்தட்டில் திரும்ப ஏற்றவில்லை. நீ பள்ளிக்கூடம் போன பிறகு நான் அதை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பேன். ஒருநாள் உன் அளவுநாடா அன்ரெனாவையும் வானொலியையும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். தெருவால் போனவர்கள், "என்ன அன்ரெனாக்காரர், காகம் பிடிக்கிறியளோ?" என்று கேட்டார்கள். நான் எதைப் பார்த்துச் சனம் சிரிக்கும் என்று பயந்தேனோ, அதைப் பார்த்துச் சனம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சின்னச் சிரிப்புக்குப் பயந்தா உன்னை அப்படி விட்டேன் என்று மேல்தட்டில் தனியே இருந்து வெட்கப்பட்டேன். எத்தனையோ தடவை வெறும் இரைச்சல் கேட்ட பிறகு, ஒருநாள் இலேசாக ஒரு குரல் அகப்பட்டது. மங்கியபோது மணிக்கட்டைத் திருப்பினேன். நீ காட்டியதுபோலவே குரல் திரும்பி வந்தது.

ஆகவே நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் திருத்து. அந்த மூன்று மாடி வீடு ஒருபக்க அடிவானத்தை மறைத்துவிடும், தாழப் போகும் செய்மதிகளை அந்தப் பக்கத்தில் மறந்துவிடு. தலைக்கு மேலால் போகிறவைதான் உனக்கு மிச்சம். அதற்கு மேல்தட்டில் நிரந்தரமாக நிற்கவேண்டியது உன் குறுக்குக்கம்பி அன்ரெனாதான். அது படுத்த அலையையும் வாங்கும், நிமிர்ந்த அலையையும் வாங்கும். நீ சமையலில் நிற்கும்போதுகூட அது தன்பாட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். அலையைப் பெருப்பிக்கும் பெட்டியை வானொலிக்குப் பக்கத்தில் வைக்காமல் அன்ரெனாவுக்குக் கீழேயே பூட்டு. அலை வயரில் தேய்ந்துபோன பிறகு பெருப்பித்தால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருக்கும். திருகோணமலையும் உப்புக்காற்று ஊர்தான். பூட்டுகளுக்கு இறப்பர் நாடா சுற்று, மாரிக்கு முன் ஒருக்கால் அவிழ்த்துப் பார். மெல்லிய குரல்களுக்கு அளவுநாடா அன்ரெனாவைக் கைப்பையோடு கொண்டுபோ. நீளமான அன்ரெனாவிலும் குற்றமில்லை, மிகப் பலவீனமான செய்மதியைக் கேட்க அது வேண்டும். ஆனால் அதோடு ஓர் ஆள் நின்று வானத்தோடு சேர்ந்து திரும்பவேண்டும். நான் கட்டினதை இங்கேயே விட்டுப்போ. அதை நான் ஏற்கெனவே கழற்றிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது அன்ரெனாவைப் பற்றியதல்ல. அன்று நீ பழியை எடுத்துக்கொண்ட விதத்தை நான் முன்பும் இந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் சரியாக இறுக்காத வளை ஒன்று காற்றில் சரிந்து பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரையை உடைத்தது. அவர்கள் வந்து சத்தம் போட்டபோது உன் அம்மா முன்னால் போய், "உடுப்புக் காயப்போட நான்தான் இழுகம்பியை இளக்கினனான்" என்றாள். அவள் அந்தக் கம்பியைத் தொட்டதே இல்லை. தொழிலில் என் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று சொன்னாள். நான் அன்றும் பேசாமல்தான் நின்றேன். நீ அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில் நீ படித்திருக்கிறாய் பிள்ளை: ஆம்பிளை பேசாமல் நிற்பான், பொம்பிளை தலையில் போட்டுக்கொள்ளுவாள் என்று. உன் புது வீட்டுக்கு அதைக் கொண்டுபோகாதே. செந்தூரன் நல்ல பெடியன். அவனுக்காகவும் கொண்டுபோகாதே. நாளைக்கு உன் பிள்ளைகளுக்காகவும் வேண்டாம். பிழை விட்டவரின் வாயிலிருந்து அது வருமட்டும் பொறுத்திரு. வராவிட்டால் கேள். உன் அம்மாவிடம் போனகிழமை இதைச் சொன்னேன். "இவ்வளவு காலம் கழிச்சே?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்ட மறுநாள் பஸ் ஏறிக் கரவெட்டிக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. செந்தூரனின் அப்பாவும் அம்மாவும் விறாந்தையில் இருந்தார்கள். கதிரையில் இருக்கும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டேன். "அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை பிழைச்சது பிள்ளையாலை இல்லை. அவவின்ரை அன்ரெனாவைக் கழட்டிப்போட்டு என்ரையைப் பூட்டினது நான்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செந்தூரனின் அம்மா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "அண்ணை, அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "செந்தூரன் வெளிக்கிடேக்கை சுவரடியிலை அந்தச் சின்னதைக் கண்டவன். இதுதான் பிள்ளை செய்தது, மாமா மாத்திப்போட்டார் போலை எண்டு திரும்பி வரேக்கை வாகனத்துக்குள்ளை சொன்னவன்." தகப்பன் நிலத்தைப் பார்த்தபடி, "பிள்ளை ஏன் உங்களைக் காட்டிக்குடுக்கேல்லை எண்டுதான் வழி முழுக்கக் கதைச்சனாங்கள்" என்றார்.

கலியாணத்துக்கு நாள் வைக்க வந்த அன்றும் அவர்களுக்குத் தெரியும். கூறைச்சீலை எடுக்கப் போன அன்றும் தெரியும். கடையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் தொழில் சாமர்த்தியங்களைச் சொல்லிச் சிரித்தபோது அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் என்னை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. பஸ் தரிப்பிடம்வரை கூட வந்துதான் விட்டார்கள்.

பிறகு அதிபரிடம் போனேன். நேற்று நீ செயலமர்வுக்குப் போயிருந்த நேரத்தில் உன் வகுப்பில் ஒரு பாடவேளை தந்தார். இரண்டு அன்ரெனாக்களையும் மேசையில் வைத்து, எது நடந்ததோ அதை அப்படியே சொன்னேன். உங்கள் ரீச்சர் தெரிந்தெடுத்ததுதான் சரியானது, நான் அதைக் களவாக மாற்றினேன், பிறகு வாய் திறக்கவில்லை என்றேன். பிள்ளைகள் என்னைத் திட்டவில்லை. ஏன் நீளமான அன்ரெனா ஒரு பக்கம்தான் பார்க்கும், கம்பியை ஏன் குறுக்கே வைக்கவேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். நீ எனக்குச் சொல்லித் தந்ததை வைத்துச் சமாளித்தேன். மணி அடிக்கும் நேரத்தில் முன் வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பி, "ஐயா, இதை நீங்கள் எங்கடை ரீச்சரிட்டையும் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை" என்றேன்.

"ஏன்?" என்றாள்.

கரவெட்டிக்குப் போனேன், அதிபரிடம் போனேன், ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன். பக்கத்து அறையில் இருக்கும் உன்னிடம் மட்டும் வரவில்லை. மற்றவர்களிடம் சொல்லும்போது நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பெரிய மனிதன். உன்னிடம் வந்தால் உன்னைக் கைவிட்ட தகப்பன் மட்டும்தான்.

பிள்ளை, அதிபர் கேட்டபோது நீ சொன்ன பதில் பொய். எனக்குத் தெரிந்து நீ சொன்ன ஒரே பொய் அது, உன்னைச் சொல்ல வைத்தவன் நான். நீ சரியான அன்ரெனாவைத்தான் தெரிந்தெடுத்தாய். அதைக் கழற்றியவன் நான், கதவடியில் பேசாமல் நின்றவன் நான், உன் காது கேட்க அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தவனும் நான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இப்போதே மன்னிக்கவேண்டும் என்றில்லை.

வாசித்து முடித்ததும் கூப்பிடு. முன்னறையில்தான் இருப்பேன். எழுதியது காணாது, இதை என் வாயாலும் உனக்குச் சொல்லவேண்டும்.

அப்பா